அஞ்சலகம் அஞ்சலகமாகவே இருக்கட்டும்

நூற்றாண்டு கடந்த அரசுக் கட்டடம் ஒன்றில் காரை உதிர்ந்தது என்று செய்தி வந்தால் போதும், இரண்டு யோசனைகள் கிளம்பிவிடும். அருங்காட்சியகமாக்கலாம் என்பார் ஒருவர். தனியாரிடம் கொடுத்தால் நட்சத்திர ஓட்டலாக்கிக் காப்பாற்றிவிடுவார்கள் என்பார் இன்னொருவர். அந்தக் கட்டடம் எந்த வேலைக்காகக் கட்டப்பட்டதோ அதே வேலையை அது தொடர்ந்து செய்யட்டும், அதற்கு வேண்டிய பராமரிப்பைச் செய்வோம் என்று சொல்ல ஆள் குறைவு. சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் பொது அஞ்சலகத்தை முன்வைத்து, நான் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் அரசுத் துறை ஒன்றில் வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவள். பழைய அலுவலகங்களில் டேப் பிடித்து, சுவர் சுவராக அளந்து, ட்ரேசிங் தாளில் மையால் வரைந்துதான் தொழில் கற்றேன். மண்ணடியில் பிறந்து வளர்ந்ததால், ஜி.பி.ஓ. என்று நாங்கள் சொல்லும் அந்த அஞ்சலகம் எனக்குப் பக்கத்து வீடு. திருநெல்வேலியில் இருந்த பாட்டிக்கு அப்பா மணியார்டர் அனுப்பியது அங்கேதான். என் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருப்பதும் அங்கேதான். கட்டடக்கலை மாணவர்கள் அதன் முகப்பைப் படமெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் அதைப் பெரும்பாலும் வரிசையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டடம் எவ்வளவு நல்ல கட்டடம் என்று தெரிவது அங்கே நிற்கும்போதுதான்.

சென்னையில் பொது அஞ்சலகம் முதலில் திறந்தது 1786 ஜூன் 1-ஆம் தேதி, ஜார்ஜ் கோட்டைக்குள். 1856-இல் பிராட்வேயில் ஒரு வீட்டுக்கு இடம் மாறியது. கப்பல் கடிதங்களும் ரயில் கடிதங்களும் பெருகி அந்த வீடு போதாமல் போகவே, கடலைப் பார்த்தபடி புதிய கட்டடம் எழுந்தது. அது திறக்கப்பட்டது 1884-இல். 352 அடி நீளம், 162 அடி அகலம், 125 அடி உயரத்தில் இரண்டு கோபுரங்கள்.

அன்று அந்தச் சாலைக்குப் பெயர் முதல் கடற்கரை வரிசை. பெயருக்கேற்பச் சாலையின் மறுபுறம் மணலும் அலையும்தான். துறைமுக வேலை 1876-இல் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மறுபடி நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆழக்கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து தபால் மூட்டைகளை மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, கரை சேர்ப்பார்கள். அதனால்தான் அந்தக் கட்டடம் கிழக்கே, கடலைப் பார்த்து நிற்கிறது. இன்று எதிரே துறைமுகச் சுவரும் கண்டெய்னர் லாரிகளும் மறைத்துவிட்டதால், அது ஏன் அப்படி நிமிர்ந்து கிழக்கே பார்க்கிறது என்று வழிப்போக்கருக்குப் புரிவதில்லை.

வரைந்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஸம். 1840-இல் லண்டனில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து பொதுப்பணித் துறையில் சேர்ந்து, பின்னர் மதராஸ் அரசின் ஆலோசனைக் கட்டடக்கலைஞரானவர். மெரினாவில் மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் இல்லம், சேப்பாக்கத்துப் பொதுப்பணித் துறைக் கட்டடம், திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகம் எல்லாம் அவர் கைவண்ணம். அவரை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. ஆளுநர் நேப்பியர் காலத்தில் மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடும் பொறுப்பு அவருக்கு வந்தது. இடிந்துகொண்டிருந்த அந்த மகாலின் வளைவுகளையும் தூண்களையும் சுதைவேலையையும் அவர் ஊன்றிப் படித்தார். கேரளத்துச் சாய்கூரைகளையும் அப்படியே படித்தார். அந்தப் படிப்பின் பலன் ஜி.பி.ஓ.வில் தெரிந்தது. அதன் கோபுரங்களின் உச்சியில் ஒருகாலத்தில் திருவிதாங்கூர் பாணிச் சாய்கூரைகள் தொப்பிபோல அமர்ந்திருந்தன. பிற்பாடு அவை எடுக்கப்பட்டுவிட்டன. பழைய படத்தைப் பார்த்துவிட்டு இன்றைய மொட்டைக் கோபுரத்தைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தப் பாணியை இந்தோ சாரசெனிக் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அந்தப் பாணியின் அழகுக்காக எல்லோரும் கொண்டாடுவது செனட் இல்லத்தை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் ஜி.பி.ஓ.தான் உயர்ந்த வேலை. செனட் இல்லம் விழா மண்டபம். வருஷத்தில் சில நாள் நிறைந்தால் போதும். இதுவோ தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் வியர்வையோடு நுழைந்து, காத்திருந்து, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு போகும் இடம். வெயிலிலிருந்து வருபவரை முதலில் வளைவுகள் சூழ்ந்த தாழ்வாரம் வாங்கிக்கொள்கிறது. கண் நிழலுக்குப் பழகியதும் உயர்ந்த கூடம். சூடான காற்று மேலே ஏறிவிடும். நிற்பவர் தலைக்கருகில் தங்காது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும். கத்திரி வெயிலில் நண்பகலில் தாழ்வாரத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். மின்விசிறி வராத காலத்தில், காத்திருக்கும் கூட்டத்துக்காக யோசித்துக் கட்டிய கட்டடம் அது.

“வெள்ளைக்காரன் தன் அதிகாரத்தைக் காட்டக் கட்டியதை நாம் ஏன் தாங்க வேண்டும்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அதிகாரத்தைக் காட்டத்தான் கட்டினான், அதில் சந்தேகமில்லை. ஆனால் செலவான பணம் இந்த மாகாணத்து வரிப்பணம். செங்கல் சுட்டதும், சாந்து அரைத்ததும், சாரம் கட்டியதும் இந்த ஊர்க்காரர்கள். அக்காலத்துப் பெரிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார்; விக்டோரியா பொது மண்டபமும், ஜி.பி.ஓ.வுக்கு அருகிலேயே பாரத ஸ்டேட் வங்கியின் சிவப்புக் கட்டடமாக இன்று நிற்கும் பழைய மதராஸ் வங்கியும் அவர் எழுப்பியவை. வரைபடத்தில் சிஸம் கையெழுத்து இருக்கலாம். சுவரில் இருப்பது கொத்தனார்கள், சித்தாள்களின் கை.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதை அறியாமல்தான் இந்தக் கட்டடங்களைக் கெடுக்கிறோம். அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆனது. கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து, கல் உருளை சுற்றும் செக்கில் மாடு கட்டி அரைப்பார்கள். அரைத்ததை உடனே பூசுவதில்லை, புளிக்கவிடுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அதில் சேர்ப்பார்கள். மதராஸ் சுண்ணப் பூச்சு என்றால் அக்காலத்தில் வெளியூர்க்காரர்களும் அறிவார்கள். சங்குபோல வெளுத்து, தேய்க்கத் தேய்க்கச் சலவைக்கல்லாக மின்னும் பூச்சு.

கூரை இன்னும் அருமையான வேலை. தொழிலில் அதற்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்கப் போடாமல், விளிம்பு கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, அறையின் ஒரு மூலையிலிருந்து கோணல் வரிசையாகச் சாந்தால் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. ஒட்டிய கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் அந்தத் தளத்தை நாட்கணக்கில் அடிப்பார்கள். நடுநடுவே கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். அடிக்க அடிக்கத் தளம் இறுகி, கட்டை துள்ளி எழும். அப்போதுதான் வேலை முடிந்ததாக மேஸ்திரி ஒப்புக்கொள்வார். கடைசியாகத் தட்டோடு. இப்படிச் செய்த கூரைகள் நூறு நூற்றைம்பது மழைக்காலங்களைத் தாங்கி இன்னும் நிற்கின்றன. அந்தப் பெண்களின் கூலிக் கணக்கு ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கக்கூடும். பெயர் எங்கும் இல்லை. இந்தக் கட்டடங்களைக் காக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது என் மனதில் முதலில் வருவது ஆளுநர்களோ கட்டடக்கலைஞரோ அல்ல, அவர்கள்தான்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தையும் மழையில் வாங்கும் ஈரத்தையும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் அந்த ஈரத்துக்குப் போக்கிடமில்லை. உள்ளேயே தேங்கி, உப்பைக் கரைத்து, செங்கலை மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் பூச்சு புத்தம் புதிது. விரலால் தட்டினால் பொள்ளல் ஓசை. சில மழைக்குப் பின் பாளம் பாளமாக விழும்போது பூச்சு மட்டும் விழுவதில்லை, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஜி.பி.ஓ. போலச் செங்கல் முகமே அழகாக இருக்கும் கட்டடத்தில், இணைப்புகளில் சிமென்ட் அடைப்பதும், சிவப்புப் பெயின்ட் அடிப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். கடற்கரையில் காற்றிலேயே உப்பு இருப்பதால் கேடு இரட்டிப்பு.

நான் அளவெடுக்கப் போன ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேலதிகாரி அறைக்கு ஏ.சி. பொருத்துவதற்காக, உயர்ந்த கூரைக்குக் கீழே பாதி உயரத்தில் பால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். அறை குளிர்ந்தது, மேலே என்ன நடக்கிறது என்பது எல்லார் கண்ணிலிருந்தும் மறைந்தது. மொட்டைமாடித் தூம்பில் சருகு அடைத்து, தேங்கிய தண்ணீர் சுவரோரம் இறங்கி, உத்தரத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்திலேயே இற்றுப்போயிருந்தது. சீலிங் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தபோது, தேக்கு பஞ்சுபோலக் கையோடு வந்தது. ஒரு கூடை சருகை ஐப்பசிக்கு முன்னால் யாராவது அள்ளியிருந்தால், அந்த உத்தரம் இன்னொரு நூறு வருஷம் நின்றிருக்கும். பழசாகிவிட்டது, இடித்துவிடலாம் என்று அடுத்து வந்த குறிப்பு சொன்னது. கட்டடம் பழசானதால் கெடவில்லை. கூரைக்கு ஏறிப் பார்க்க ஆள் இல்லாததால் கெட்டது.

நெருப்பும் அப்படித்தான். ஜி.பி.ஓ.வின் ஒரு பகுதியை 2000-ஆம் ஆண்டில் தீ தின்றது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கலச மகால் 1768-இல் ஆற்காடு நவாபுக்காகக் கட்டப்பட்டது. 1855-இல் நவாப் வாரிசின்றி இறந்தபின் அரசு அதைக் கையகப்படுத்தி அலுவலகமாக்கியது. பக்கத்து ஹுமாயூன் மகாலுக்கும் இதற்கும் இடையில் சிஸம் ஒரு கோபுரத்தை எழுப்பினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அலுவலகமாக இருந்தது அது எரிந்ததற்குக் காரணமில்லை. தாழ்வாரத்தில் தட்டி அடைத்து அறையாக்கினோம். தேக்குக் கூரைக்கடியில் தாள் தாளாகக் கோப்புகளை அடுக்கினோம். ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட பழைய ஒயரிலேயே ஏ.சி.யையும் கணினியையும் மாட்டினோம். இப்படித்தான் எத்தனையோ அலுவலகங்கள் இன்றும் தீக்குக் காத்திருக்கின்றன.

அந்தக் கலச மகாலின் பிற்பாட்டுக் கதைதான் எனக்கு நம்பிக்கை தருவது. எரிந்து கூரையிழந்த கட்டடத்தை இடித்துத் தள்ளவில்லை. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறைக்கே திரும்பி, அந்த வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடித்து, மெட்ராஸ் டெரஸை மறுபடி எழுப்பினார்கள். இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. ஆற்றில் கழிவு கலக்கிறது என்று மனுவோடு வரும் கிராமத்துக்காரர் ஒருவர் நவாபின் மண்டபத்தில் நியாயம் கேட்கிறார். ஒரு கட்டடத்துக்கு இதைவிட நல்ல பிழைப்பு எது?

ஓட்டலாக மாறிய அஞ்சலகங்கள் உலகில் பல. சிங்கப்பூரின் பொது அஞ்சலகம் இருந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம் 2001 முதல் ஓட்டல். சிட்னியில் விக்டோரியா காலத்துப் பெரிய அஞ்சலகமும் ஓட்டல்தான். வாஷிங்டனில் 1899-இல் முடிந்த பழைய அஞ்சலகத்துக்கும் அதே கதி. கட்டடங்கள் பளபளவென்று இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். கல் ஒன்றுகூடப் பெயரவில்லை. ஆனால் ஐந்து ரூபாய்த் தபால்தலை வாங்க வந்தவருக்கும் அதிகாரிக்கும் ஒரே வாசல், ஒரே உயரக் கூரை என்று இருந்த இடம், இப்போது அறை வாடகை கொடுப்பவருக்கு மட்டும். மூட்டை தூக்கும் தொழிலாளி செருப்போடு தயங்காமல் நுழையக்கூடிய பிரம்மாண்டமான கட்டடங்கள் நம் ஊரில் எத்தனை இருக்கின்றன? கோயிலைத் தவிர்த்தால், ரயில் நிலையமும் அஞ்சலகமும்தான்.

பூட்டி வைப்பது ஓட்டலாக்குவதைவிட மோசம். கொழும்பில் 1895-இல் முடிந்த பொது அஞ்சலகம், வெள்ளை நிறத்தில், தூண்வரிசையோடு, ஜி.பி.ஓ.வின் தங்கை என்று சொல்லத்தக்கது. ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே இருந்ததால், போர்க்காலப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 2000-வாக்கில் அஞ்சலகம் அங்கிருந்து அகற்றப்பட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தில் ஒழுகல் தொடங்கும் நாளை யாரும் கவனிப்பதில்லை.

அருங்காட்சியகத்துக்கு நான் எதிரியல்ல. ஹுமாயூன் மகாலை அழகாகப் புதுப்பித்து, அங்கே விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அமைப்பதாக அரசு அறிவித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் அதே மருந்து என்றால், ஊரில் பார்க்க வருபவர்களைவிட அருங்காட்சியகங்கள் அதிகமாகிவிடும். திருமலை நாயக்கர் மகாலில் 1970 வரை மாவட்ட நீதிமன்றம் நடந்தது. வழக்குக்காக வந்த எத்தனை குடியானவர்கள் அந்தத் தூண்களுக்கடியில் சோற்றுப் பொட்டலம் பிரித்திருப்பார்கள்! ஒரு மகாலை அறிய அதுவும் ஒரு வழிதான்.

இப்போது கடிதம் யார் எழுதுகிறார்கள், அவ்வளவு பெரிய இடம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தந்தியே 2013-இல் நின்றுபோனது. ஆனால் அஞ்சலகம் வெறும் கடிதத்தை நம்பி இல்லை. சேமிப்பு, காப்பீடு, ஆதார் திருத்தம், பார்சல் என்று வேலை மாறியிருக்கிறது. பல ஊர்களில் பாஸ்போர்ட் விண்ணப்பமே அஞ்சலகத்தில்தான் வாங்கப்படுகிறது. ஜி.பி.ஓ.வில் இடம் மிஞ்சினால், வடசென்னை மக்கள் அலைந்து திரிந்து போகும் பிற அலுவலகங்களின் கவுன்டர்களை அங்கே கொண்டுவரலாம். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, காத்திருப்போருக்கு முதுகு சாய்க்க ஒரு பெஞ்சு, இவற்றைச் சேர்ப்பதால் எந்த மரபும் கெடாது. கோப்பு அறைகளைத் தரைத்தளத்துக்கோ வேறு கட்டடத்துக்கோ மாற்றி, தாழ்வாரத்துத் தட்டிகளைப் பிடுங்கினாலே காற்று திரும்பி வந்துவிடும்.

தடையாக நிற்பது நாம் வேலை கொடுக்கும் முறை. சுண்ணாம்பு வேலைக்கும் சிமென்ட் வேலைக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தப்புள்ளி கோரி, குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்கிறோம். நாட்கணக்கில் புளிக்கவிட வேண்டிய சாந்தைக் காலையில் கலந்து மாலையில் பூசினால்தான் அந்த விலை கட்டுப்படியாகும். வேலை தெரிந்த கொத்தனாரிடம் ஒப்பந்தப் பதிவும் இல்லை, முன்வைப்புத் தொகை கட்டப் பணமும் இல்லை. அவர் கடைசியில் துணை ஒப்பந்தக்காரரின் தினக்கூலியாகத்தான் சாரத்தில் ஏறுகிறார். தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறை மரபுக் கட்டடங்களுக்குத் தனிப் பிரிவு வைத்தது நல்ல தொடக்கம். மரபுக் கட்டட ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் நிறைவேறி, நடைமுறைக்கு வரவே 10 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்த வேகத்தில் போனால், அந்தத் தளத்தை அடிக்கத் தெரிந்த கடைசிக் கைகளும் நமக்கு முன்னே போய்விடும்.

எனவே கோடிகளில் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பெரிய பழைய அலுவலகத்துக்கும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும் இரண்டு உதவியாளர்களையும் மாதச் சம்பளத்தில் நியமியுங்கள். அந்த உதவியாளர்கள் இளைஞர்களாக இருக்கட்டும், அவரிடமே கற்கட்டும். புரட்டாசி முடிவதற்குள் மொட்டைமாடி முழுவதும் ஏறிப் பார்த்து, தூம்புகளைத் துடைத்து, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து, வெடித்த தட்டோட்டை மாற்றி, பார்த்ததைத் தேதியிட்டு ஒரு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டை வருஷத்துக்கு ஒருமுறை யார் கேட்டாலும் காட்டும்படி அஞ்சலகக் கூடத்திலேயே வையுங்கள். வரிசையில் நிற்கும் நாங்கள் படித்துக்கொள்கிறோம்.